பெயர்த்தெடுத்தது சாலையை மட்டும்தான்: மேரிலாந்து மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் துண்டு துண்டாகப் போய்விடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். 2025 மார்ச்சில் வாஷிங்டன் பதினாறாம் தெருவில், வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில், மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்த 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கறுப்பர் உயிரும் முக்கியம்) எழுத்துகளை இயந்திரம் வைத்துப் பெயர்த்தார்களே, அந்தப் படத்தை நீ அனுப்பியதிலிருந்து நாம் எப்போது பேசினாலும் ஒரே பேச்சுதான்: "ஒண்ணும் மாறல அத்தை, 2020 ஊர்வலத்துல நாங்க நடந்ததெல்லாம் வீண்."

உன் கோபம் நியாயமானது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஒரு வெள்ளைக் காவலர், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தில் முழங்காலை வைத்து ஒன்பது நிமிடத்துக்கு மேல் அழுத்திக் கொன்றார். அந்த ஊர்க் காவல்துறை முதலில் விட்ட அறிக்கையில் அவருக்கு ஏதோ உடல்நலக் கோளாறு, அதனால் இறந்தார் என்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு பதினேழு வயதுப் பெண் நகராமல் நின்று கைபேசியில் படம் பிடித்திருக்காவிட்டால் அத்தோடு கோப்பை மூடியிருப்பார்கள். அந்தக் காவலர் சிறைக்குப் போனார், சரி. ஆனால் ஃபிளாய்ட் பெயரில் வந்த காவல் சீர்திருத்த மசோதா கீழவையில் இரண்டு தடவை நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. மினியாபொலிஸ் காவல்துறையை நீதிமன்றக் கண்காணிப்பில் கொண்டுவர மத்திய அரசின் நீதி அமைச்சகம் போட்டிருந்த ஒப்பந்தத்திலிருந்து 2025 மேயில் அதே அமைச்சகமே விலகிக்கொண்டது. இவ்வளவையும் பார்த்த பிறகு மனசு விட்டுப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனாலும் "ஒன்றும் மாறவில்லை" என்பதை, அதுவும் மேரிலாந்தில் இருந்துகொண்டு நீ சொல்வதை, என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அதற்கு வருகிறேன். முதலில் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரம்.

ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் பேசினார், சட்டம் மாறியது என்று பள்ளிக்கூடத்தில் மூன்று வரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நடுவில் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏறாமல் புறக்கணித்த 381 நாள் இருக்கிறது பாப்பா. பார்க்ஸைக் கைது செய்தது 1955 டிசம்பர் 1. அன்று ராத்திரி ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மெஷினில் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று விடிய விடிய நோட்டீஸ் அடித்தார், ஒரு தாளில் மூன்று நோட்டீஸாக, அப்புறம் தாளை மூன்றாக வெட்டி, ஆயிரக்கணக்கில். மறுநாள் அது பள்ளிக்கூடம், கடை, முடிதிருத்தும் கடை என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. அப்போதும் அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவருக்கு முதலில் இடம், கறுப்பர்கள் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள். கறுப்பர்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர்கள் முன்னாலிருந்தும் உட்கார்ந்துகொண்டு வருவதற்குக்கூடச் சம்மதித்தார்கள். அதையே கொடுக்க மறுத்ததால்தான் கோரிக்கை வளர்ந்தது.

பஸ்ஸில் ஏறாதே என்று சொல்லிவிட்டால் போதுமா, வேலைக்குப் போக வேண்டுமே! சுமார் 300 கார்களைத் திரட்டி, எந்த மூலையில் நின்று ஆள் ஏற்றுவது என்று வரைபடம் போட்டு ஓட்டினார்கள். காவல்துறை அந்த ஓட்டுநர்களைத் தேடித் தேடி அபராதம் போட்டது. 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைலில் போனார் என்று கிங்கையே கைது செய்தார்கள். உள்ளூரில் வண்டிகளுக்குக் காப்பீட்டை ரத்து செய்தபோது லண்டன் லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை மூலம் வாங்கினார்கள். பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா, கிங் மேல் போட்ட வழக்கில் சாட்சி சொன்னதால் வேலை போனவர், வீட்டில் வறுத்த கோழி சாண்ட்விச்சும் கேக்கும் 'பை' என்கிற இனிப்புப் பலகாரமும் செய்து விற்றார், தன்னைப் போன்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள், பெயர் வெளியே வந்தால் பிழைப்பு போய்விடும். அதனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் பணத்தைக் கொடுக்கும்போது யார் கொடுத்தது என்று சொல்லவே மாட்டார் கில்மோர். 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்றுதான் அதற்குப் பெயரே வைத்தார். பேரணிப் படங்களில் இந்தப் பெண்கள் யாரும் இல்லை. ஆனால் அவர்கள் சமையலறையில் நின்றிருக்காவிட்டால் அந்தக் கார்கள் ஓடியிருக்காது.

நீதிமன்றத்திலும் அப்படித்தான். தீர்ப்பு வந்தது பார்க்ஸ் வழக்கில் இல்லை, நான்கு பெண்கள் போட்ட இன்னொரு வழக்கில். அதில் ஒருத்தி கிளாடெட் கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே, பதினைந்து வயதில், எழுந்திருக்க மாட்டேன் என்று கைதானவள். 1956 நவம்பர் 13 அன்று பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே நாள் மான்ட்கோமரியில் ஒரு நீதிமன்றம் அந்தக் கார் ஏற்பாட்டுக்குத் தடை போட்டது. தீர்ப்பு கைக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று, அதுவரைக்கும் ஜனங்கள் நடந்தார்கள். அத்தோடும் முடியவில்லை. இருக்கைப் பிரிவினை ஒழிந்த பஸ்கள் மேல் துப்பாக்கியால் சுட்டார்கள், ஜனவரியில் தேவாலயங்களில் குண்டு வைத்தார்கள். பார்க்ஸ் வேலையும் இழந்து ஊரையே விட்டு டெட்ராய்ட் போனார். அன்றைக்கு யாராவது "இதற்கா இவ்வளவு நடந்தோம்" என்று கேட்டிருந்தால் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

இப்போது உன் ஊர். காவலர்களுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் சட்டத்தை நாட்டிலேயே முதலில் போட்டது மேரிலாந்துதான், 1974இல். அதன்படி, தப்பு செய்த காவலரை விசாரித்தது காவலர்களே. நீங்கள் நடந்த அடுத்த வருஷம், 2021 ஏப்ரலில், ஆளுநரின் வீட்டோவையும் மீறி அதைச் சட்டமன்றம் தூக்கி எறிந்தது, அப்படிச் செய்த முதல் மாநிலமும் அதுதான். கூடவே ஆன்டன் சட்டம் வந்தது: 2018இல் காவலர்கள் தரையில் அமுக்கியதில் இறந்துபோன ஆன்டன் பிளாக் என்ற பத்தொன்பது வயதுப் பையன் பெயரில், அவன் குடும்பம் விடாமல் போராடி வாங்கியது. காவலர் மேல் வந்த புகாரை எப்படி விசாரித்தார்கள் என்ற ஆவணத்தை இப்போது பொதுமக்கள் கேட்டு வாங்க வழி இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு கவுன்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பொதுமக்கள் உட்காரும் காவல் பொறுப்புடைமை வாரியம் ஒன்று இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது காவல்துறைத் தலைவர்களோடு கூட வேண்டும், வருஷா வருஷம் அறிக்கை தர வேண்டும். தண்டிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை, அது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் சாலையைப் பெயர்த்த இயந்திரத்தால் இதில் ஒரு வரியைக்கூடத் தொட முடியவில்லையே?

உன் அப்பா "நமக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்" என்கிறான் என்றாய். என் தம்பியிடம் இதைச் சொல்லு. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கென்று அமெரிக்கா வைத்திருந்த குடியேற்ற ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். நாட்டைப் பார்த்து ஆளை எடுக்கும் அந்த முறையை ஒழித்த சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்டது 1965 அக்டோபர் 3. அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் அடிவாங்கியவர்களால் வந்த வாக்குரிமைச் சட்டத்துக்கு இரண்டு மாதம் கழித்து, அதே காங்கிரஸ், அதே அலை. அவன் விமானம் ஏறியது அந்தக் கதவு வழியாகத்தான்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் கவுன்டி வாரியம் அடுத்து எப்போது கூடுகிறது என்று பார். போன வருஷ அறிக்கையைப் படித்துவிட்டுப் போ. எத்தனை புகார் வந்தது, எத்தனை இன்னும் கிடப்பில் இருக்கிறது என்று எழுந்து நின்று கேள், கூட்டாளிகள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போ. முடிந்ததும் எனக்குக் கூப்பிடு. இங்கே விடியற்காலையாக இருக்கும், பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அன்புடன்
அத்தை