அந்தப் படகு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் சிறுவர் பகுதியில் பத்து வாரமாக வந்துகொண்டிருந்த கடல் சாகசத் தொடர் சென்ற வாரத்தோடு முடிந்துவிட்டது. நான் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடுவார்கள். தொடரை அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியது நான்தான்.

கடைசி வாரம், அக்காவும் இரண்டு தம்பிகளும் டார்ச் அடித்துக் கோஸ்ட் கார்டு கப்பலைக் கூப்பிட, கடல்பசுவையும் ஆமைகளையும் கடத்தியவர்கள் கைவிலங்கோடு கரையேறுகிறார்கள். திண்ணையே அதிரக் கைதட்டினார்கள் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒருவன் மட்டும் தட்டவில்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு கேட்டான்: "டீச்சர், அந்தப் படகு யாரோடது?"

அவனுடைய அப்பா ஒரு மாதத்துக்கு முன்புதான் பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டை மூட்டையோடு பிடிபட்டார். படகையும் பறிமுதல் செய்துவிட்டார்கள். அந்தப் படகு அவருடையது இல்லை. அதைக் கொடுத்து அனுப்பியவர் இன்றும் ஊரில் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்தப் பையனின் கேள்விதான்.

தொடரைக் குறை சொல்ல வந்ததாக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பத்திரிகையில் விலங்கு என்றால் புலி, யானை, காடுதான். எங்கள் பிள்ளைகள் காட்டைப் பார்த்ததே இல்லை. தினமும் பார்க்கிற கடலிலும் காப்பாற்ற வேண்டிய விலங்குகள் இருக்கின்றன என்று ஒரு கதை சொன்னதும் அவர்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. அதற்குள்ளேதான் நம் வீடு இருக்கிறது என்பது போல ஒரு பெருமை அவர்களுக்கு வந்துவிட்டது. அதற்காக எழுத்தாளருக்கு என் நன்றி.

ஆனால் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வாரத்தில், பிடித்த கடல்பசுவை வலையோடு கட்டி இரவு முழுக்கத் தண்ணீருக்கடியில் மறைத்து வைப்பதாக வருகிறது. அது நடக்காது. எங்கள் பக்கத்தில் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு மீன் இல்லை. நம்மைப் போலவே மூச்சு விடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே தீர வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால், மூச்சுமுட்டிச் சாகும்.

என் தம்பி ஒருமுறை நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். திருக்கைக்குப் போட்ட வலையை விடியற்காலையில் எடுக்கப் போயிருக்கிறான். மிதவைகள் நாலைந்து உள்ளே இழுபட்டுக் கிடந்தன. பெரிய திருக்கை என்று நினைத்துப் பக்கத்தில் போனால், அவன் போன வல்லம் என்கிற நாட்டுப்படகை ஒட்டி 'புஸ்' என்று ஒரு சத்தம். மூக்குத்துவாரம் இரண்டும் மூடி திறப்பது போலத் திறந்து மூடியதாம். வாலில் வலை நாலு சுற்று. கொஞ்சம் தள்ளிக் குட்டி ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் கட்டிய வலை. கத்தியை எடுத்து அறுத்துவிட்டான். தாய் உடனே போகவில்லையாம். குட்டி பக்கத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் இரண்டும் முங்கின. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் மிச்ச வலையைக் கோத்துக்கொண்டிருந்தான். அம்மா வலையைப் பார்த்துவிட்டுத் திட்டித் தீர்த்தாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அம்மா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஆவுளியாக் கறியைப் பங்கு வைத்ததைப் பார்த்தவள் நான். தின்றும் இருக்கிறேன். ஒரு தாய் ஒரு குட்டி போட்டால் அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு வருடம் ஆகும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அந்தத் தெருவிலிருந்து வந்தவன்தான் வலையை அறுத்தான். உங்கள் தொடரில் வருகிற மீனவர்கள் எல்லாரும் ஒன்று பயந்து ஒதுங்குகிறார்கள், இல்லாவிட்டால் கடத்தல்காரர்களுக்குத் துணை போகிறார்கள். என் தம்பி மாதிரி ஒருவர்கூட இல்லை. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. சிக்கிய ஆவுளியாவைத் தாங்களாகவே விடுவித்த தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரை மீனவர்கள் இல்லாமல் அங்கே எந்தப் பாதுகாப்பும் நடக்காது. டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடல்பசுவின் பெயரிலேயே கல்வி உதவித்தொகைகூடக் கொடுத்திருக்கிறது. கதைக்கு வேண்டிய பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள்.

சரி, கடல் அட்டைக்கு வருகிறேன். பார்க்க அழகில்லாத உயிர் என்பதால் கதைகளில் அதற்கு இடமில்லை. கடலடி மணலைத் தின்று, அதில் உள்ள அழுக்கைச் செரித்து, சுத்தமான மணலை வெளியே விடுகிற உயிர் அது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்து, பிடிக்கத் தடை போட்டார்கள். எங்கள் ஊரில் பலரது அடுப்பு அட்டையை நம்பித்தான் எரிந்தது. தடை வந்த பிறகு அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பாரில்லை. அக்கரையில், இலங்கையில், உரிமம் இருந்தால் அட்டை பிடிக்கலாம், வளர்க்கலாம். அதனால் இங்கே பிடித்ததை இரவோடு இரவாக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் காசு. அங்கிருந்து சீனச் சமையலுக்குக் கப்பலேறுகிறது.

பனங்காட்டுக்குள் டிரம் வைத்து அட்டையை அவிக்கும்போது வரும் நாற்றத்தை நுகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். என் வகுப்பில் ஒருவன் திங்கட்கிழமை காலையில் அந்த நாற்றத்தோடு வந்து பெஞ்சில் தலைவைத்துத் தூங்குவான். முதல் தடவை அடித்து எழுப்பினேன். இரவெல்லாம் மூட்டை சுமந்தான், கையில் இருநூறு ரூபாய் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த அடிக்காக இன்றும் வருந்துகிறேன்.

கடல் விலங்கைக் காப்பாற்றும் கதையில் இந்தப் பையன் எந்தப் பக்கம் நிற்பான்? உங்கள் தொடரில் அவனுக்கு இடமே இல்லை. கடத்தல்காரர்கள் கறுப்புக் கண்ணாடியோடு எங்கிருந்தோ வருகிறார்கள், பிடிபடுகிறார்கள், கதை முடிகிறது. மூட்டைக்கு விலை பேசுகிற ஆள் கடலில் காலையே நனைப்பதில்லை. பிடிபடுவது கடன்பட்டவன். அப்பா கடலுக்குப் போன இரவில் வீட்டில் விழித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இது தெரியும். அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல், ஆவுளியாவையும் அட்டையையும் கைவிடாமல் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று யாராவது எழுதினால், அதைவிடப் பெரிய சாகசக் கதை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. பிள்ளைகள் நள்ளிரவில் நீந்திப் போய்க் கடத்தல் படகில் ஏறுவது போல இனி எழுத வேண்டாம் என்று எழுத்தாளரிடம் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியும். செய்து பார்த்துவிடுவார்கள்.

அந்தப் பையனின் பெயரை எழுத மாட்டேன். அவன் கேட்ட கேள்வியை மட்டும் எழுத்தாளரிடம் சேர்த்துவிடுங்கள். அடுத்த தொடர் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை அவனை என் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்.