துப்பல் குப்பியும் இராப் போத்தலும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

சின்னவனின் துப்பலைப் பல் ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள், கொடுக்கவா என்று கேட்டாய். ஊசியா குத்தப் போகிறார்கள்? தாராளமாகக் கொடு. குப்பியைக் காட்டினால் மருமகனின் சட்டையிலும் சேர்த்துத்தான் துப்புவான்.

அவர்கள் அதில் தேடுவது இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களை. அழற்சி இருந்தால் கூடுகிறவை. சூத்தைப் பல் உள்ள பிள்ளைகளிடம் இவை கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகளில் வந்தது, சிலவற்றில் வரவில்லை. முரசு, அதுதான் பல் ஈறு, வீங்கினாலும் கூடுமே! அதனால் அந்த அளவை வைத்து நீ பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார். முரசோரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் தொடக்கம். அந்த நிலையில் ஃபுளோரைட் பட்டால் பல் தேற இடமுண்டு. குழி விழுந்தால் பிறகு அடைக்கத்தான் வேண்டும்.

எனக்குக் கவலை அந்த இராப் போத்தல்தான். சீனி பட்டதும் வாய்க் கிருமிகள் அமிலம் விடும். அமிலம் கூடக் கூடக் குறைகிற எண்தான் பிஹெச். அது சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். அமிலத்தைக் கழுவி, கல்சியத்தைத் திருப்பிக் கொடுப்பது துப்பல். நித்திரையில் அது ஊறுவதே குறைவு. அந்த நேரம் பார்த்துத்தான் நாம் இனிப்புப் பாலை வாயில் வைக்கிறோம்.

நாம் என்றுதான் சொல்கிறேன். 26 வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல் பார்த்தவள் நான். பகலில் ஊர்த் தாய்மாரை ஏசிவிட்டு வந்து, இரவில் நீ அழுதால் பால்மாவுக்குச் சீனி போட்டுக் கரைத்துத் தருவேன். 4 வயதில் உனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போனது அதனால்தான். பிடுங்க என் கை வரவில்லை, கூட வேலை செய்தவவிடம் விட்டுவிட்டு வெளியே நின்றேன். இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

போத்தலை ஒரேயடியாகப் பறிக்காதே, வீட்டையே தலைகீழாக்குவான். ஒவ்வொரு இரவும் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் வெறும் தண்ணீராகட்டும். படுக்க முன் நீயே பல் தீட்டிவிடு. 3 வயது வரை பேஸ்ட் ஓர் அரிசி மணி அளவு போதும்.

உதட்டைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. ஃபிளாஷ் போடாதே, மினுக்கத்தில் கோடு மறைந்துவிடும். ஆவணியில் வரும்போது தயிருக்குப் பாணி விடாதே என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. மத்தியானச் சோற்றோடு என்றால் விட்டுத்தான் கொடுப்பேன்.

அம்மா