செலினியின் குதிரையைச் செலினியிடம் சேர்த்துவிடுங்கள்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுவினருக்கு,

வணக்கம். ஏதென்ஸ் நகரில் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய பார்த்தினன் கோயிலின் சிற்பங்களை வைத்திருக்கும் உங்கள் கூடத்தில் ஒரு குதிரைத் தலை இருக்கிறது. நிலவின் தெய்வம் செலினியின் தேரை இரவெல்லாம் இழுத்துக் களைத்த குதிரை அது. விழிகள் பிதுங்கி நிற்கின்றன, நாசிகள் விரிந்திருக்கின்றன, வாய் பிளந்திருக்கிறது. கோயிலின் கிழக்கு முகப்பில், கூரைக்குக் கீழே இருக்கும் முக்கோணத்தின் வலது மூலையில் அதை வைத்தபோது, தாடை விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும்படி வைத்தார்கள். எதிர் மூலையில் சூரியன் ஹீலியோஸ் கைகளை நீட்டிக் கடலிலிருந்து எழுகிறான். நடுவில் ஜீயஸின் தலையிலிருந்து அதீனா பிறந்த காட்சி இருந்தது. அது எப்போதோ அழிந்துவிட்டது. இரவு இறங்க, பகல் ஏற, இரண்டுக்கும் நடுவே ஒரு தெய்வத்தின் பிறப்பு. 2,400 வருடங்களுக்கு முன்பு கல்லில் இப்படி யோசித்திருக்கிறார்கள்!

அந்தச் செலினியின் உடல் இருப்பது ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில். தேரை ஓட்டியவள் அங்கே, குதிரை உங்களிடம்.

இது ஒன்று மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். மேற்கு முகப்பில் அதீனாவோடு ஏதென்ஸ் நகருக்காகப் போட்டியிட்ட கடல் தெய்வம் பொசைடனின் உடலே இரண்டாகக் கிடக்கிறது. தோள்பகுதி லண்டனில், இன்னொரு துண்டு ஏதென்ஸில். கிழக்குச் சுவரின் சிற்ப வரிசையில் தெய்வங்கள் உட்கார்ந்து ஊர்வலத்தைப் பார்க்கிறார்கள். கால் ஊனமான ஹெபைஸ்டஸ் அக்குளில் கட்டையை ஊன்றியபடி அதீனாவின் பக்கம் திரும்பிப் பேசுகிறான். இருவரும் உங்களிடம். அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் பொசைடனும், அப்போலோவும், ஆர்ட்டெமிஸும் ஏதென்ஸில். பக்கத்து இருக்கைக்காரர்கள் இரண்டு நாட்டில் இருக்கிறார்கள்.

சென்டார்களின் கதை இதைவிட மோசம். லாப்பித் இனத்தின் அரசன் பிரிதூஸின் திருமணத்துக்கு விருந்தாளிகளாக வந்து, குடித்துவிட்டு, மணப்பெண்ணையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தவர்கள் அவர்கள். பாதி மனிதன், பாதி குதிரை. அந்தச் சண்டையைச் செதுக்கிய தெற்குப் பக்கப் பலகைகளில் 15 உங்களிடம் இருக்கின்றன. அதில் ஒன்றில் உடல்கள் மட்டும் லண்டனில்; சென்டாரின் தலையும் அவனோடு மோதும் லாப்பித் வீரனின் தலையும் கோபன்ஹேகனில். 1687-ல் வெனிஸ் படை வீசிய குண்டால் கோயில் வெடித்துச் சிதறியபோது, அந்தப் படையில் இருந்த டென்மார்க்காரர் ஒருவர் கொண்டுபோனவை அவை.

ஏதென்ஸ் துருக்கியர் ஆட்சியில் இருந்தபோது அங்கே பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபு 1801 முதல் இந்தச் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்ததும், 1816-ல் உங்கள் நாடாளுமன்றம் 35,000 பவுண்டுக்கு வாங்கியதும் சட்டப்படி சரியா என்ற வழக்கை நான் இங்கே பேச வரவில்லை. ஏதென்ஸில் இருந்திருந்தால் புகையில் அரித்துப்போயிருக்கும் என்பீர்கள். அங்கே விட்டுப்போன கற்கள் அப்படி அரிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 1930-களில் உங்கள் அருங்காட்சியகத்திலேயே செம்புக் கருவிகளால் சுரண்டி, உங்களிடம் இருக்கும் கற்களின் மேற்பரப்பைக் கெடுத்ததும் உண்மைதானே. இன்றைக்குப் பாதுகாப்பு ஒரு காரணமே இல்லை. 2009-ல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளம், கோயில் நிற்கும் திசைக்கு நேராகத் திருப்பிக் கட்டப்பட்டது. ஜன்னல் வழியே பார்த்தினன் தெரிகிறது. தேன் நிறமேறிய அசல் கற்களுக்கு இடையில் வெள்ளைப் பிளாஸ்டர் நகல்கள். அந்த வெள்ளைகளில் பெரும்பாலானவற்றின் அசல் உங்களிடம்.

1963-ஆம் ஆண்டுச் சட்டம் பொருள்களை நிரந்தரமாகக் கொடுக்கவிடாது என்கிறீர்கள். சரி. ஆனால் அதே சட்டம் இரவல் கொடுக்க அனுமதிக்கிறது. 2014-ல் இதே கோயிலின் தலையில்லாத நதித் தெய்வம் இலிசோஸை ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினீர்களே. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரைக்கும் போக முடிந்தவன், தான் பிறந்த ஊருக்குப் போக முடியாதா? இரவல் என்று வாங்கினால் உங்கள் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கிரேக்கம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே உரிமை யாருக்கு என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத ஒப்பந்தம் ஒன்றை எழுதுங்கள். நல்ல வக்கீல்கள் உங்களிடம் இருக்கிறார்கள்.

தமிழனாகிய எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். தஞ்சை மண்ணிலிருந்து திருடுபோன பத்தூர் நடராஜரை 1982-ல் லண்டன் போலீஸ் கைப்பற்றியபோது, அவர் பராமரிப்புக்காக உங்கள் அருங்காட்சியகத்துக்குத்தான் வந்திருந்தார். இடிந்து கிடந்த கோயில் ஒன்று வழக்காட முடியும் என்று உங்கள் நாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991-ல் அவர் திரும்பினார். அது திருட்டு வழக்கு, இது வேறு; இரண்டையும் நான் குழப்பவில்லை. ஆனால் ஒரு தெய்வத்துக்கு வீடு உண்டு என்பதை உங்கள் நாடு ஒருமுறை காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது.

இத்தாலியின் பலேர்மோ அருங்காட்சியகம் தன்னிடமிருந்த, இதே கோயிலைச் சேர்ந்த ஆர்ட்டெமிஸின் பாதத் துண்டை 2022-ல் ஏதென்ஸுக்கே கொடுத்துவிட்டது. வத்திக்கான் 2023-ல் மூன்று துண்டுகளைக் கொடுத்தது, அதில் ஒரு குதிரைத் தலையும் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பச் சொல்லவில்லை. உடைந்து இரு ஊர்களில் கிடப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். பொசைடனின் தோள்கள், செலினியின் குதிரை, ஹெபைஸ்டஸும் அதீனாவும் இருக்கும் அந்த ஒரு பலகை. உங்கள் அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் இந்த மூன்றையும் சேர்த்து, என்ன முடிவெடுத்தீர்கள் என்பதைக் காரணத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கிரேக்கக் கதைகளை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகன்