கார்புரேட்டர் அம்பாசிடருக்குனு நீங்க வித்த கோல்டு ஏர் இன்டேக் கிட்: பணம் திருப்பித் தரணும்

கஸ்டமர் கேர்ல இருக்கிறவங்களுக்கு வணக்கம்ங்க.

இதுக்கு முன்னாடியே உங்க சாட்ல, மெயில்ல எல்லாம் சொல்லிப் பாத்தாச்சு, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் வந்து முதல்லேர்ந்து கதை கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே லெட்டர்ல எழுதிடறேன். நீளமா இருக்கேன்னு பாக்காம முழுசா படிச்சிட்டு, படிச்சவங்களே பதில் போட்டா நல்லாருக்கும்.

நான் வாங்குனது உங்க கோல்டு ஏர் இன்டேக் கிட், அதாவது வெளிய இருக்கிற குளுந்த காத்த எஞ்சினுக்குள்ள இழுத்து பவர் ஏத்தும்னு விக்கிற பைப்பு, ஃபில்டர் செட்டு. எங்க வண்டி 1984 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி, ஒத்த சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு விடுற சாமான்). அப்பா வாங்குனது, இன்னைக்கும் சேலத்துல தெனமும் ஓடுது, ஷெட்ல போத்தி வச்சிருக்கிற வண்டி இல்ல. உங்க சைட்ல வண்டி மாடல் செலக்ட் பண்ற எடத்துல "அம்பாசிடர் 1500 கார்புரேட்டர்"னு தனியாவே ஒரு ஆப்ஷன் இருந்துச்சு. அதத்தான் செலக்ட் பண்ணேன். பில்லுலயும் அதே பேர்தான் அடிச்சிருக்கீங்க. இத முதல்லயே சொல்றதுக்குக் காரணம், உங்க ஆளு ஒருத்தர் போன்ல "யுனிவர்சல் கிட் சார், எல்லா வண்டிக்கும் செட் ஆகும்னு நாங்க எங்கயும் சொல்லலையே"ன்னாரு. சொல்லிருக்கீங்க. ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

4,499 ரூபா குடுத்து வாங்குன பெட்டிய பிரிச்சா உள்ள 3 இன்ச் அலுமினிய பைப்பு ஒண்ணு, செவப்பு கோன் ஃபில்டர் ஒண்ணு, ரெண்டு சிலிகான் ஹோஸ், நாலு கிளாம்ப், ஒரு ஸ்டிக்கர், அப்புறம் எம்ஏஎஃப் சென்சர் (எஞ்சினுக்குள்ள போற காத்த அளக்கிறது) மாட்டறதுக்கு ஒரு அடாப்டர் பிளேட்டு. எங்க வண்டில எம்ஏஎஃப் சென்சரே கெடையாதுங்க. சென்சர்னு ஒண்ணுமே கெடையாது, இருக்கறதெல்லாம் ஒரு ஃப்ளோட்டு, ஒரு ஊசி, நாலு ஜெட்டு (பெட்ரோலும் காத்தும் அளவா போற சின்ன ஓட்டைங்க). கூட வந்த பேப்பர்ல, கிட்ட மாட்டுனதும் பேட்டரி நெகட்டிவ கழட்டி 10 நிமிஷம் விட்டா ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) தானா புதுசா கத்துக்கும்னு போட்டிருந்துச்சு. அம்பாசிடர் பேட்டரிய பத்து வருஷம் கழட்டி வச்சாலும் அது ஒண்ணும் கத்துக்கப் போறதில்ல.

மாட்டுனவர் எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன். ஸ்டேண்டுல அம்பாசிடர் டாக்ஸியா நின்ன காலத்துலேர்ந்து இந்த எஞ்சின்ல கை வச்சிட்டிருக்கவரு. இத ஏன் சொல்றேன்னா உங்க மெயில்ல "தவறான ஃபிட்டிங்கிற்கு நிறுவனம் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி இருக்கு. பைப்போட வாய் சோலெக்ஸ் வாயில உக்காரவே இல்ல, அதுக்கு ஒரு ரெட்யூசர் வேணும், நீங்க குடுக்கல, அவரே லேத்துல குடுத்து ஒரு ரிங் கடஞ்சு மாட்டுனாரு. நேரா மேல வச்சா பானெட் மூட மாட்டேங்குது, வளைக்கலாம்னா உங்க பைப்புல ஒரே ஒரு பெண்டுதான், அது எந்தப் பக்கம் திருப்புனாலும் கோன் போய் நிக்கிற எடம் எஞ்சினோட எடது பக்கம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சூடான பொக வெளிய போற குழாய்) மேல.

இங்கதான் முக்கியமான விஷயமே இருக்கு. அம்பாசிடர்ல இருக்கிற இந்த பிஎம்சி பி சீரீஸ் எஞ்சின்ல இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், இன்லெட் மேனிஃபோல்டு மேல, எக்ஸாஸ்ட் அதுக்குக் கீழ. கார்புரேட்டர் அந்த சூட்டுக்கு மேலயே உக்காந்திருக்கும். பானெட்டுக்குள்ள இருக்கிறதுலயே சூடான எடம் அது. அங்க ஒரு தொறந்த கோன மாட்டிட்டு அதுக்கு கோல்டு ஏர்னு பேர் வச்சா எப்படிங்க? டவுன் டிராஃபிக்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்து கோன் பக்கத்துல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தோம், வெளிய 36 டிகிரி, கோன்கிட்ட 68. கணக்கு போட்டா வெளிக்காத்த விட இந்தக் காத்து 9 சதவீதம் லேசு. அதாவது பவர் ஏத்தறேன்னு வித்த சாமான் டவுனுக்குள்ள எஞ்சினுக்குப் போற ஆக்சிஜன கொறைக்குது. நெஜமாவே குளுந்த காத்து வேணும்னா பைப்பு ரேடியேட்டருக்கு முன்னாடி, கிரில்லு பக்கம் வரைக்கும் போகணும், மேனிஃபோல்டுக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு ஹீட் ஷீல்டு தகடு வேணும். உங்க பெட்டில ரெண்டும் இல்ல.

அப்புறம் நீங்க விளம்பரத்துல போட்ட அந்த "15 பிஹெச்பி வரை அதிக பவர்". இந்த எஞ்சினோட மொத்த பவரே 50 பிஹெச்பி பக்கம்தான். அதுல 15னா 30 சதவீதம். எல்லாமே ஒழுங்கா செஞ்சு, 60 டிகிரி காத்துக்கு பதிலா 35 டிகிரி காத்து உள்ள போனாக்கூட அடர்த்தி கூடுறது 8 சதவீதம், அந்த 8 சதவீதமும் அப்படியே பவரா வந்தாக்கூட நாலு பிஹெச்பி, நெஜத்துல அதுல பாதி வந்தாலே பெருசு. மூணு இன்ச் பைப்புன்னா 76 மில்லிமீட்டர், ஆனா கீழ கார்புரேட்டர்ல பட்டர்ஃப்ளை (ஆக்சிலேட்டர மிதிச்சா தொறக்கிற தகடு) இருக்கிற ஓட்டை 32 மில்லிமீட்டர்தான், வென்சுரிங்கற குறுகலான எடம் அத விடச் சின்னது. மேல எவ்வளவு பெரிய பைப்ப மாட்டுனாலும் காத்து அந்த ஓட்ட வழியாதான போகணும்.

டவுன்ல இப்படின்னா, ரோட்டுல கொஞ்சம் வேகம் புடிச்சா பிரச்சன வேற மாதிரி. வண்டியோட வந்தது ஆயில் பாத் ஏர் க்ளீனர் (தூசிய எண்ணெயில புடிச்சு வைக்கிறது), அதோட தடைய வச்சுத்தான் மெயின் ஜெட் சைஸ் போட்டிருப்பாங்க. அத எடுத்துட்டு தொறந்த கோன மாட்டுனா, ஓடுற வேகத்துல வெளிக்காத்தும் சேந்து உள்ள வந்தா, காத்து கூடுது, அதே அளவுக்கு பெட்ரோல் கூடறதில்ல. ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டில ஆக்சிஜன் சென்சர் பாத்து ஈசியு பெட்ரோல ஏத்தி விட்டுடும், கார்புரேட்டருக்கு யாரு சொல்றது? ஜெட்ட மாத்தணும், மிக்சர் திரும்ப செட் பண்ணணும். இப்ப பங்க்ல கெடைக்கிற பெட்ரோல்லயே 20 சதவீதம் எத்தனால், அதுலயே ஆக்சிஜன் இருக்கிறதால பழைய ஜெட்டோட ஓடுற வண்டி ஏற்கனவே லீனாதான் (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி) ஓடிட்டிருக்கு, அதுக்கு மேல இது வேற. இதே குடும்பத்து பி சீரீஸ் எஞ்சின்தான் எம்ஜிபி காருலயும், அதுல ஃபில்டர மாத்துறவங்க அதுல இருக்கிற எஸ்யூ கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ கட்டுப்படுத்துற ஊசியவும் சேத்து மாத்துவாங்க, ஊருக்கே தெரிஞ்ச விஷயம் இது. உங்க கிட்ல ஒரு ஜெட் கூட வேண்டாம், "ஜெட் மாத்தணும்"னு பேப்பர்ல ஒரு வரி போட்டிருக்கலாம்ல?

ஏற்காடு ரோட்டுல ஏத்திப் பாத்தோம், மொத்தம் 20 ஹேர்பின் இருக்கிற ரோடு. முன்னெல்லாம் செகண்டுல முனகிட்டாவது ஏறிடும். இந்த தடவ ஒவ்வொரு வளைவுலயும் ஆக்சிலேட்டர மிதிச்சதும் ஒரு செகண்டு ஒண்ணுமே வராது, அப்புறம் கார்புரேட்டர் வழியா பட்டு பட்டுனு திரும்பித் துப்புது, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். ஓரங்கட்டி பானெட்ட தொறந்தா கோனோட அடிப்பக்கம் ஒரு ரூபா அகலத்துக்கு கருகியிருக்கு. அது துணி ஃபில்டருங்க, எண்ணெ வேற தடவியிருக்கு, அதுக்கு நேர் கீழ பெட்ரோல். பழைய தகர டப்பா ஏர் க்ளீனர் இருந்தப்ப இந்த மாதிரி பேக் ஃபயர் ஆனா அந்த டப்பாக்குள்ளயே அடங்கிடும். இது பவர் வரல, மைலேஜ் வரலங்கற புகார் இல்ல, தீப்புடிக்கிற விஷயம். ஸ்பார்க் பிளக்க கழட்டிப் பாத்தா நாலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ள, நல்லா ஓடுற எஞ்சின்ல பிஸ்கட் கலர்ல இருக்கணும். கருகுன ஃபில்டர், பிளக்கு ரெண்டுக்கும் போட்டோ அனுப்பிருக்கேன்.

இன்னொண்ணு, ராக்கர் கவர்லேர்ந்து ப்ரீதர் ஹோஸ் ஒண்ணு வந்து ஏர் க்ளீனர்ல சேரும், எஞ்சினுக்குள்ள கெளம்புற ஆயில் ஆவிய திரும்ப இழுத்து எரிக்கறதுக்கு. உங்க பைப்புல அத சொருக ஒரு நிப்பிள் கூட இல்ல. சும்மா தொங்க விட்டா ஆயில் சொட்டு சொட்டா எக்ஸாஸ்ட் மேல விழுந்து பொகையுது, அந்த நாத்தம் அப்படியே வண்டிக்குள்ள வருது. அம்மா பின் சீட்ல முந்தானையால மூக்க மூடிட்டே வந்தாங்க, இனிமே இந்த வண்டில ஏற மாட்டேன்னுட்டாங்க.

கோன் ஃபில்டரோட துணிய வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா ஊசி ஓட்ட கணக்கா தெரியுது. எங்க பக்கம் ரோட்டுத் தூசி எப்படின்னு உங்களுக்குத் தெரியாது, அந்த தூசிக்குதான் ஆயில் பாத். இத பத்தி அதிகம் எழுதல, மத்ததே போதும்.

இதெல்லாம் சொல்லி எழுதுன மெயிலுக்கு உங்க சப்போர்ட் போட்ட பதில இங்க போட்டே ஆகணும்: எம்ஏஎஃப் சென்சர க்ளீன் பண்ணுங்க, ஈசியுவ ரீசெட் பண்ணுங்க, செக் எஞ்சின் லைட் எரியுதான்னு பாருங்க. மெயில்ல மேலயே வண்டி பேர் இருக்கு, கார்புரேட்டர்னு இருக்கு. படிச்சவரு அம்பாசிடர நேர்ல பாத்திருப்பாரானே எனக்கு சந்தேகம். அடுத்த மெயில்ல "பொருத்தப்பட்ட பொருள் திரும்பப் பெறப்படாது". மாட்டாம எப்படிங்க தெரியும் மாட்ட முடியாதுன்னு?

விளம்பரத்துல "ஆர்டிஓ அப்ரூவ்டு"ன்னும் போட்டிருக்கீங்க. எந்த ஆர்டர், என்ன நம்பர், காப்பி அனுப்புங்கன்னு கேட்டேன், அந்த கேள்விய மட்டும் யாருமே கண்டுக்கல. திரும்பவும் கேக்கறேன்.

சட்டமும் தெரிஞ்சுதான் எழுதறேன். 2020 ஈ காமர்ஸ் ரூல்ஸ் படி விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருள திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கறவங்க சொல்லக் கூடாது, மாட்டுனது மாட்டாததுன்னு அதுல பிரிவு இல்ல. புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள கெடச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். இந்தப் புகார கவனிக்க வேண்டிய குறைதீர்ப்பு அதிகாரி பேர உங்க சைட்ல தேடித் தேடிப் பாத்தேன், காணோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற சேலத்துலயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸும் கெடையாது. அதுக்கு முன்னாடி 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, ஒரு போன். அங்கல்லாம் போக வைக்காதீங்க, எனக்கும் வேலை வெட்டி இருக்கு.

எனக்கு வேண்டியது இதுதான். 4,499 ரூபா முழுசா என் அக்கவுண்டுக்கு வரணும், கூப்பன், ஸ்டோர் கிரெடிட் எல்லாம் வேண்டாம். திருப்பி அனுப்புற கூரியர் செலவு உங்களோடது. லேத்து வேலைக்கும் மாட்டுனதுக்கும் ஆன செலவு தனியா இருக்கு, அத இப்ப கேக்கல, கேஸுன்னு போனா கேப்பேன். மாடல் லிஸ்ட்லேர்ந்து கார்புரேட்டர் வண்டி எல்லாத்தையும் தூக்குங்க, அம்பாசிடர் மட்டும் இல்ல, பத்மினி, பழைய மாருதி 800 எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கு. இல்ல விக்கத்தான் செய்வோம்னா ரெட்யூசர், ப்ரீதர் நிப்பிள், முன்னாடி வரைக்கும் போற ஹோஸு, ஹீட் ஷீல்டு, ரெண்டு மூணு சைஸ்ல ஜெட்டுனு போட்டு ஒழுங்கா ஒரு கிட் பண்ணுங்க, அப்படி பண்ணா வாங்கறதுக்கு ஆள் இருக்கு. கருகுன ஃபில்டர் விஷயத்த உங்க டெக்னிகல் ஆளுங்க கையில குடுங்க, ஏற்கனவே இத வாங்கி மாட்டியிருக்கிற கார்புரேட்டர் வண்டிக்காரங்களுக்கு மெசேஜ் போடுங்க, இதுக்கு மட்டும் ஒரு மாசமெல்லாம் எடுத்துக்காதீங்க.

வண்டில பழைய ஏர் க்ளீனரையே திரும்ப மாட்டியாச்சு, நல்லா ஓடுது. உங்க கிட் எல்லா சாமானோட, எம்ஏஎஃப் பிளேட்டு, ஸ்டிக்கர் உட்பட, அதே அட்டப் பெட்டில கட்டி வச்சிருக்கேன். கடஞ்ச ரிங் மட்டும் என்னோடது, அது வராது. பிக்கப்புக்கு ஆள் அனுப்புறதா இருந்தா காலைல பத்து மணிக்கு மேல அனுப்புங்க, வர்றதுக்கு முன்னாடி பில்லுல இருக்கிற நம்பருக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர், சேலம்