தொட்டியில் வந்தேறிய சிறு நட்சத்திரங்கள் குறித்துச் செல்வத்துக்கு

சிங்கப்பூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. டொராண்டோவின் நீண்ட குளிர்காலத்திலும் வரவேற்பறையில் ஒரு பவளத்தொட்டியை நிலைநிறுத்திவிட்டாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இங்கே நான் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவிக்கும், அங்கே நீ அதைச் சூடாக்கும் கருவிக்கும் செலவழித்து, இருவரும் 25, 26 பாகை செல்சியஸ் என்ற ஒரே வெப்பநிலையில் வந்து நிற்கிறோம். வீட்டில் எல்லாரும் நலம். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். தொட்டியில் வந்தேறிய சிறு நட்சத்திர மீன்கள் பவளத்தைத் தின்றுவிடும், அவற்றைத் தின்னும் ஹார்லெக்வின் இறாலை வாங்கு என்று கடைக்காரர் பயமுறுத்துகிறாரே, என்ன செய்வது என்ற உன் கேள்விக்கு உடனே விடை வேண்டும் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

என் விடை இதுதான்: கண்ணாடியில் இரவில் ஊரும் அந்தச் சிறு நட்சத்திரங்களுக்காக இப்போதைக்கு எந்த மருந்தையும் ஊற்றாதே, கடைக்காரர் சொன்ன இறாலையும் வாங்காதே. விளக்குகள் அணைந்து ஒரு மணி நேரம் ஆனபின், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுடன் தொட்டியின் முன் உட்கார்ந்து, அவை எங்கே போகின்றன, எதன் மேல் தங்குகின்றன, காலையில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று சில வாரங்கள் பார்த்துக் குறித்து வை. உயிரைக் கொல்லும் முடிவை எடுக்கும் முன் அது என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

உன் முதல் படத்தில் இருப்பவை ஆஸ்டரினிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. தொட்டி வளர்ப்பவர்கள் எல்லாவற்றையும் 'ஆஸ்டரினா' என்றே அழைக்கிறார்கள்; ஆனால் இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் இனங்களில் பல, 2004இல் உருவாக்கப்பட்ட அக்விலோனாஸ்ட்ரா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை, சாம்பலும் வெள்ளையும் கலந்தவை. அவற்றின் உருவத்தைச் சற்று உற்றுப் பார். ஒரு பக்கம் மூன்று கரங்கள் நீண்டும், மறுபக்கம் மூன்று அல்லது நான்கு கரங்கள் மொட்டாகவும் இருக்கின்றன. விலங்கியல் வகுப்பில் நாம் வரைந்த ஐந்து கர நட்சத்திரத்தின் ஒழுங்கு இங்கே இல்லை. நடுவட்டத்தின் குறுக்கே உடல் தானாகவே இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் இழந்த கரங்களை மீண்டும் வளர்த்துக்கொள்கிறது. நீ ஊனம் என்று எழுதியிருப்பது உண்மையில் பாதி வளர்ந்த பிறப்பு. ஒரே உடலில், கடல்நீரை உள்ளே விடும் துளைகள் கொண்ட சல்லடைத் தட்டுகள் ஒன்றுக்கு மேல் இருப்பதைப் பார்த்தாலும் வியக்காதே, பிளந்து பெருகும் இனங்களில் அது இயல்பு.

இந்தப் பிளவில்தான் அவற்றின் வெற்றி அடங்கியிருக்கிறது. பெரும்பாலான கடல் உயிரிகள் முட்டையையும் விந்தையும் நீரில் விட்டு, மிதக்கும் இளவுயிரிகளாக வாரக்கணக்கில் அலைந்து வளர்கின்றன. நம் தொட்டியில் அந்த இளவுயிரிகள் பம்பிலும் வடிகட்டியிலும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் நுரைபிரிப்பானிலும் சிக்கி அழிந்துவிடும். மிதக்கும் பருவமே தேவைப்படாத உயிருக்கு மட்டும் இந்தக் கண்ணாடிப் பெட்டி ஒரு முழுக் கடலாகிவிடுகிறது. உன் இரண்டாவது படத்தில் பாறை இடுக்கிலிருந்து மெல்லிய, வளையும் கரங்களை நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி பிரிட்டில் ஸ்டார் (நட்சத்திர மீனின் உறவினம்) ஆம்ஃபிஃபோலிஸ் ஸ்குவாமாட்டாவாக இருக்கலாம். அந்த இனம் குஞ்சுகளைத் தன் உடலுக்குள் வைத்து வளர்த்தே வெளியே விடுகிறது. மீன்கள் தின்று மிஞ்சியதைத் தின்று வாழும் அதை நீ தொடவே வேண்டாம். அது உன் பாறையில் இருப்பது நல்ல செய்தி.

இனி உணவு. ஆஸ்டரினா தன் இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளி, தான் நிற்கும் பரப்பின் மேல் விரித்து, அங்கேயே செரித்து உறிஞ்சுகிறது. கண்ணாடியின் வெளியிலிருந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால், குழல் கால்களின் வரிசைகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு விரிந்திருப்பது உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரியும். பொதுவாக அது தின்பது கண்ணாடியில் படரும் பாசிப் படலம், டயாட்டம் என்னும் நுண்பாசி, நுண்ணுயிர்ப் படலம். சில, இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியையும் மேய்ந்து, வெள்ளைப் புள்ளிகளை விட்டுச் செல்கின்றன. பின்சுவரில் நீ கண்ட வெண்புள்ளிகள் அவையாகவே இருக்கக்கூடும். அதனால் பவளத்துக்குக் கேடில்லை.

உன் கடைக்காரர் அவ்வளவு பயமுறுத்தியதற்குக் காரணம், பவளம் தின்னும் நட்சத்திரம் என்றாலே எல்லாரும் முட்கிரீட நட்சத்திரத்தை நினைப்பதுதான் என்று தோன்றுகிறது. அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 1985 முதல் 2012 வரை பவளப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்றும், அந்த இழப்பில் 42 சதவீதம் முட்கிரீட நட்சத்திரத்தால் நேர்ந்தது என்றும் ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆனால் அது தட்டு அகலத்துக்கு வளர்ந்து, பத்துக்கும் மேற்பட்ட கரங்களுடன் உயிருள்ள கற்பவளத்தையே முதன்மை உணவாகக் கொள்ளும் விலங்கு. அதன் குற்றத்தை உன் கண்ணாடியில் பாசி மேயும் ஒன்றின் மேல் ஏற்றுவது நியாயம் ஆகாது.

அதற்காக ஆஸ்டரினாவை முழுமையாகக் குற்றமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பூமொட்டுப் போன்ற சிற்றுயிர்கள் கூடி வாழும், பவளத்தின் உறவினமான ஸோயாந்தஸ் கூட்டங்களை அவை தின்கின்றனவா என்பதில் வளர்ப்பவர்கள் இரு பிரிவாக நிற்கிறார்கள். ஏற்கெனவே அழுகும் திசுவைத்தான் தின்கின்றன, நோய்க்கு அவை காரணமல்ல என்பது ஒரு பக்கம். நலமாக இருந்த கூட்டத்தையே தின்று தீர்த்தன என்பது மறுபக்கம். என் தொட்டியில் பல தலைமுறைகளாக அவை பாறையையும் கண்ணாடியையும் தாண்டவில்லை. ஆனால் ஒரு பச்சை ஸோயாந்தஸ் கூட்டத்தின் மேல் மட்டும் இரவுதோறும் சில வந்து அமர்ந்தன. காலையில் அவை இருந்த இடத்தில் மொட்டுகள் மூடிக் கிடந்ததோடு, விளிம்பில் திசு கரைந்தும் இருந்தது. அந்தக் கூட்டத்தை நட்சத்திரங்கள் இல்லாத சிறு தொட்டிக்கு மாற்றியதும் அது மீண்டு விரிந்தது. ஆகவே பல இனங்கள் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன, அவற்றுள் சில ஸோயாந்தஸைத் தின்னக்கூடும் என்றே நான் கருதுகிறேன். உன் தொட்டியில் இருப்பது எந்த வகை என்பதை உன் கண்ணே சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உன் ஸோயாந்தஸ் சில நாள்களாக மூடியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நட்சத்திரத்தைக் குற்றம் சாட்டும் முன் வேறு இருவரைத் தேடு. ஒன்று, ஸோயாந்தஸையே தின்று, அதன் நிறத்தையே தன் முதுகுக் கொத்துகளில் பூண்டு, மொட்டுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் சிறு ஓடில்லாக் கடல்நத்தை. அது கூட்டத்தின் அடியில் சுருள் வடிவில் முட்டைகளை இட்டிருக்கும். முட்டையைக் கண்டால் ஐயமே வேண்டாம். மற்றொன்று, தட்டையான கூம்பு போன்ற ஓட்டில் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டியது போன்ற வரிகள் கொண்ட ஹீலியாக்கஸ் நத்தை. பகலில் கூட்டத்தின் அடியில் ஒளிந்திருக்கும் அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பழி மட்டும் வெளியே தெரியும்படி ஊர்ந்து திரியும் நட்சத்திரத்தின் மேல் விழுந்துவிடுகிறது.

இப்போது அந்த ஹார்லெக்வின் இறாலைப் பற்றி. அதன் அழகை மறுக்க எனக்கு மனமில்லை: வெண்ணிற உடலில் பெரிய வண்ணத் திட்டுகள், இலை போல் அகன்ற இடுக்கிகள், இணையாகவே வாழும் பழக்கம். ஹைமனோசெரா என்பது அதன் பேரினப் பெயர். நட்சத்திரத்தைப் புரட்டிப் போட்டு, குழல் கால்களையும் உள் திசுவையும் கரத்தின் நுனியிலிருந்து தின்னத் தொடங்கும். ஆஸ்டரினாவை அது தீர்த்துவிடும் என்று கடைக்காரர் சொன்னது முழு உண்மை. அவர் சொல்லாமல் விட்டது, அதற்கு நட்சத்திர மீன்களைத் தவிர வேறு உணவு ஏறத்தாழ இல்லை என்பதை. உன் தொட்டியின் சிறு நட்சத்திரங்கள் தீர்ந்த பிறகு அது பட்டினியால் சாகும். அல்லது அதன் வாழ்நாள் முழுவதும் நீ பெரிய நட்சத்திர மீன்களை வாங்கி, கரம் கரமாக வெட்டிப் போட வேண்டும். அதற்காக விற்கப்படுவது பெரும்பாலும் முதுகில் கருங்கொம்புகள் கொண்ட புரோட்டோரியாஸ்டர் நோடோசஸ். ஜூரோங் தீவுக்கும் புக்கோம் தீவுக்கும் இடையில் சைரீன் திட்டு என்று ஒன்று உண்டு; கடல் வற்றும் வேளையில் அங்கே கடற்புல் படுகையின் மேல் அந்தக் கொம்பு நட்சத்திரங்கள் இள வயதும் முதிர் வயதுமாகப் பரவிக் கிடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இத்தனை பெரிய ஆலைகளுக்கும் கப்பல் தடங்களுக்கும் நடுவே அவை நிலைத்திருப்பதைக் கண்டபின், கண்ணாடியில் பாசி மேயும் சிலவற்றைத் தீர்ப்பதற்காக அப்படிப்பட்ட பெரிய உயிர்களை மாதந்தோறும் தீனியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தொட்டியில் ஆயிரக்கணக்கில் பெருகி உண்மையாகவே கேடு விளைந்தால், ஏற்கெனவே இந்த இறாலை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து சில வாரங்களுக்கு இரவல் வாங்கித் திருப்பிக் கொடுப்பதே முறையான வழி. அப்போதும் உன்னிடம் இருக்கும் நீல லிங்க்கியா நட்சத்திர மீனை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடு. இறாலுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

குறைக்க விரும்பினால் கையாலேயே குறைக்கலாம். இரவில் கண்ணாடிக்கு ஏறி வருபவற்றை நீண்ட சாமணத்தாலோ, மெல்லிய குழாயால் உறிஞ்சியோ முழு உடலாக எடு. பாறையின் மேல் வைத்து நசுக்காதே, சுரண்டிக் கிழிக்காதே. நடுவட்டத்தின் ஒரு பகுதியோடு அறுந்த துண்டு மீண்டும் ஒரு முழு உயிராகலாம். புதிய பவளத் துண்டு வாங்கும்போது அது ஒட்டியிருக்கும் பிளக் என்னும் சிறு அடிக்கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய பிளக்கில் ஒட்டி, சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார். ஒட்டிவரும் உயிர்களில் பெரும்பகுதி அந்தப் பிளக்கின் அடிப்பக்கத்திலேயே இருக்கும்.

செம்பு கலந்த மருந்தை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதே. நட்சத்திரங்களுடன் பவளம், நத்தை, இறால் அனைத்தும் மடியும். பாறை அந்தச் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளவும் செய்யும். அதைவிட முக்கியமான ஒன்று: பாறையை எடுத்துக் கொதிநீரில் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், செல்வம். ஸோயாந்தஸின் உறவினமான பாலித்தோவாவில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். ஹவாய்த் தீவுகளில் எடுத்த பாலித்தோவாவிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 1971இல் வெளியானது. இயற்கையில் கிடைக்கும் நஞ்சுகளில் மிகக் கடுமையானவற்றுள் அதுவும் ஒன்று. அத்தகைய பாறையைக் கொதிக்க வைத்து, எழுந்த ஆவியைச் சுவாசித்ததால் வீட்டினர் மூச்சுத் திணறலும் காய்ச்சலுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பாறையைத் தொடும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடியும் அணி. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்.

எண்ணிக்கை கூடுவதற்கு உணவு மிகுதியே பெரும்பாலும் காரணம். உறைந்த உணவை அதன் சாற்றோடு கொட்டாமல், வடிகட்டி அலசிப் போட்டு, அளவைக் குறைத்து, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கவனித்தால், பாசிப் படலம் மெலிய மெலிய நட்சத்திரங்களும் குறையும். எனக்கு இது கையால் எடுப்பதைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் நைட்ரேட்டைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து பவளத்தைப் பட்டினி போட்டுவிடாதே.

எடுத்தவற்றை ஹார்லெக்வின் வளர்ப்பவருக்குக் கொடு. அல்லது உறைபெட்டியில் வைத்து முடித்துவிடு. உன் ஊரின் ஏரி நன்னீர் என்பதால் அங்கே அவை பிழைக்காது. ஆனால் எந்தத் தொட்டி உயிரையும் வெளிநீரில் விடும் பழக்கமே கூடாது. நம் மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தது உனக்கும் நினைவிருக்கும்.

அடுத்த கடிதத்தில் ஸோயாந்தஸ் கூட்டத்தின் அடிப்பக்கத்தை வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்பு. உப்புத்தன்மையும் காரத்தன்மையும் எவ்வளவு என்று அளந்து எழுது. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 என்ற அளவிலிருந்து விலகியிருந்தால், கூட்டம் மூடிக் கிடப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
இளங்கோ