கதவுக்குள் அறுந்த கேபிள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்ற சுவிட்சை அழுத்தினால் கதவுக்குள் கறகறவென்று சத்தம், அப்புறம் கண்ணாடி தொப்பென்று உள்ளே இறங்கிவிட்டது. மோட்டார் போச்சு என்று நினைத்தேன். மெக்கானிக் கதவைப் பிரித்துக் காட்டினார். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. அது சுற்றும் சின்ன உருளையிலிருந்து கப்பிகள் வழியாகப் போய்க் கண்ணாடியைத் தூக்குகிற மெல்லிய எஃகு கேபிள்தான் இழை இழையாகப் பிரிந்து அறுந்திருந்தது. சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரிதான், முதலில் ஒரு இழை, பிறகு எல்லாம். கடலூர் உப்புக்காற்றோடு, கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளும் மண்ணடைத்து, தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கிடந்தால் கேபிள் துருப்பிடிக்கக் கேட்கவா வேண்டும்?

சரி, கேபிளை மட்டும் மாற்றலாம் என்றால், தனியாக வராது, முழு செட்டாக வாங்குங்கள் என்கிறார்கள் ஷோரூமில். ஒரு முழம் கம்பிக்கு இவ்வளவா! பல கார்களில் உள்ளிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடிக்கும் இதே போல ஒரு கேபிள்தான், அது போனால் உள்ளே இருப்பவர் கதி என்ன? சர்வீஸுக்கு விட்டால் மேலே பளபளவென்று கழுவித் தருகிறவர்கள், அந்தத் துளைகளையும் ஒரு குச்சியால் குத்திவிடக் கூடாதா?

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.