வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது சனிக்கிழமை வகுப்பைப் பற்றித்தான்.

ஆதி நாகரிகங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. சுமேரியா, எகிப்து, சிந்துவெளி என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். அட்லஸைக் கொடுத்து ஹரப்பாவைக் காட்டச் சொன்னால் விரல் குஜராத்தில் போய் நிற்கிறது. சரி என்று நாகரிகங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, முதலில் திசை, அளவை, அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று வரைபடம் படிக்கவே சொல்லிக்கொடுத்தோம். சில பெற்றோர் முகம் சுளித்தது தெரியும்.

பலன் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. எகிப்தின் கீசா, தெற்கு இராக்கின் ஊர், பஞ்சாப் பகுதியின் ஹரப்பா மூன்றுமே வடக்கு 30 பாகையை ஒட்டி இருப்பதை ஸ்கேல் வைத்துப் பார்த்த ஒரு மாணவி கண்டுபிடித்தாள். அங்கிருந்து பாடம் தானாக நகர்ந்தது. மழை குறைந்த வறண்ட பட்டை அது. தண்ணீர் வேறெங்கிருந்தோ வருகிறது. நைலுக்கு எத்தியோப்பிய மலைமழை, யூப்ரடீஸ், டைக்ரிஸுக்குத் துருக்கி மலைகள், சிந்துவுக்கு இமயப் பனி. ஒரு நகரத்தின் பெயரே ‘ஊர்’ என்றதும் வகுப்பு சிரித்தது. சத்த ஒற்றுமைதான், யாரும் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

1 செ.மீ.க்கு 100 கி.மீ. அளவையில் ஹரப்பாவுக்கும் மொகஞ்சதாரோவுக்கும் ஏறக்குறைய 6 செ.மீ. வந்தது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அத்தனை தூரத்திலும் செங்கல்லின் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற ஒரே கணக்கு என்றபோதுதான் அந்த 6 செ.மீ. அவர்களுக்கு உறைத்தது.

ஒரு பிழை என்னுடையது. எகிப்து சார்ட்டில் ‘மேல் எகிப்து’ என்பதை உச்சியில் எழுதிவிட்டேன். “ஆறு எங்கேர்ந்து வருதோ அதுதானே சார் மேல்?” என்றான் ஏழாம் வகுப்புப் பையன். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மேல் எகிப்து வரைபடத்தின் அடியில்தான் வரும். மேலத்தெரு மேற்கே இருக்கிற ஊரில் பிறந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். சார்ட் திருத்தப்பட்டது.

அப்புறம், கயிறு விவகாரம். 1000 ஆண்டுக்கு 1 மீட்டர் என்று கூடத்தில் கயிறு கட்டி அட்டைகள் தொங்கவிட்டோம். வாசல் நிலைதான் இன்றைய நாள். அங்கிருந்து சுமேரியரின் முதல் எழுத்து சுமார் 5.2 மீட்டரில், கீசாவின் பெரிய பிரமிடு 4.5 மீட்டருக்குச் சற்று அப்பால், கீழடி 2.6 மீட்டரில். கீழடி ஏன் வாசலுக்கு இவ்வளவு பக்கத்தில் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டார். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு, அட்டையை நகர்த்த மறுத்துவிட்டேன். பிறகு அவரே வந்து முடிச்சை இறுக்கிக் கட்டினார்.

நம்மிடமுள்ள சுவர் வரைபடத்தில் இன்னும் சோவியத் யூனியன் இருக்கிறது. புதியது வாங்க அனுமதி தந்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்